ஞாயிற்றுக்கிழமை மேடு

ஜூன் 3, திங்கட்கிழமை

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கே எல்லாம் சுகம், என் இடது முழங்காலைத் தவிர. அங்கே நீங்களும் உங்கள் மாடிப்படியும் சண்டை சச்சரவு இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் பேசினால் லைன் சரியில்லை, எழுதிப் போடுங்கள் என்று சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன். போன வாரம் முழங்காலுக்கு எந்தத் தைலம் நல்லது என்று கேட்டேன். நீங்கள், "ஆமா, வர்ற வழியில வாங்கிக்கலாம்" என்றீர்கள். எங்கே வருகிற வழி? நான் எங்கேயும் கிளம்பவில்லையே. எதற்கும் உங்கள் போனை ஒரு தடவை கடையில் காட்டுங்கள்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், நூலகத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர் படிக்கப்போகிறீர்கள். பிழை இருந்தால் மனசுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். சிவப்பு மையில் திருப்பி அனுப்ப வேண்டாம்.

விஷயம் இதுதான். நம் பேத்தி அனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. உங்களுக்கும் ஒன்று வந்திருக்கும். பார்க்கக் கைக்கடிகாரம் மாதிரி ஒரு பட்டை, ஆனால் மணி காட்டாது. இதை எதற்குக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நேற்று போனில் கேட்டேன். நாடித் துடிப்பு, தோலின் வியர்வை, தூக்கம் எல்லாவற்றையும் இது ஒரு கோடாக வரைந்துகொண்டே இருக்குமாம். "மனசுல இருக்கிற பயமும் சோர்வும் உடம்புல தெரியும் பாட்டி. வாயால கேட்டா எல்லாரும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாங்க" என்றாள். அவள் ஆராய்ச்சியில் வருகிற நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க அறுபத்தைந்து வயதுக்கு மேல் திடமாக இருக்கிற ஆட்கள் வேண்டுமாம். திடம் என்றால் நான்தானே. உடனே கட்டிக்கொண்டேன். கூடவே ஒரு குறிப்பேடு. எந்த மணிக்கு என்ன செய்தோம் என்று எழுத வேண்டும்.

கீழே மருந்துக்கடைக்காரரிடம் கையை நீட்டிக் காட்டினேன். "என் பேத்தி மனசை அளக்கிறவள்" என்றேன். "அப்படியே எங்க மாமியாரையும் அளக்கச் சொல்லுங்க, அளவு கொள்ளுமான்னு பார்ப்போம்" என்கிறார். அவருக்கு எல்லாம் விளையாட்டு. வருஷக் கடைசியில் அவள் பேருக்கு முன்னால் டாக்டர் என்று வந்துவிடும். நம் இரண்டு குடும்பத்திலும் இதுவரை டாக்டர் என்றால் நாம் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்தான். ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு டாண் என்று நான் அவளைக் கூப்பிடுவேன். "டாக்டரம்மா, எது வரைக்கும் வந்திருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பேன். ஒரு வாரம்கூட விட்டதில்லை.

உங்கள் பட்டை என்ன நிறம்? எனக்கு நீலம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளைப் பெற்றவள்

*

ஜூன் 8, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்திக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிழைகள் ஏழு. மனசுக்குள் திருத்திவிட்டேன்.

என் பட்டை கறுப்பு. கட்டியிருக்கிறேன். குறிப்பேட்டில் முதல் நாள் "வாசித்தேன், வாசித்தேன், பூனைக்குப் பால் வைத்தேன், வாசித்தேன்" என்று எழுதினேன். இரண்டாம் நாளும் அதேதான், பூனை வரவில்லை. இதிலிருந்து அவர்கள் என்ன கண்டுபிடிப்பார்களோ.

நம் வாண்டுப் பேத்தி என்னைப் புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடுவாள். அரை மணி, சில நாள் முக்கால் மணி. பேச்சு முடிந்து போனை வைக்கும்போது காது சூடாகியிருக்கும்.

பொட்டலத்தில் மாதிரித் தாள் என்று ஒன்று இருந்தது, பார்த்தீர்களா? யாரோ ஒருவருடைய நாலு வாரக் கோடு. நமக்கு வரப்போவதும் இப்படித்தான் இருக்கும் என்று காட்டுவதற்காம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்துவிட்டேன். தைலம் விஷயம் எனக்கு நினைவில்லை. லைன் கோளாறுதான்.

சம்பந்தி

*

ஜூன் 13, வியாழக்கிழமை

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் படிக்கும் முன் அந்தத் தாளைப் புத்தகத்திலிருந்து வெளியே எடுங்கள். பக்கம் தவறினால் தவறட்டும்.

நூற்பாலையில் எனக்கு என்ன வேலை என்று உங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. மில்லில் வேலை என்றால் நூல் சுற்றுவது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. ஈரக்காற்று மெஷின் இருந்த அறையில் வேலை. காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறுந்துபோகும். அதற்காகக் காற்றின் ஈரத்தை ஒரு பேனா முள் தாளில் கோடாக வரைந்துகொண்டே இருக்கும். தாள் மாற்றுவதும் மை ஊற்றுவதும் கோட்டைப் பார்ப்பதும் என் வேலை, நாற்பது வருஷம். எழுத்தைவிடக் கோடு எனக்கு நன்றாகப் படிக்க வரும்.

ஒரு காலத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும் நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஃபோர்மேன் பெண்களைத் திட்டினார். நான் நாலு செவ்வாய்த் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நாலிலும் ரெண்டு மணிக்கு ஒரே இடத்தில் பள்ளம். போய்ப் பார்த்தால் அந்த நேரத்தில் கழிவுப் பஞ்சு மூட்டை ஏற்றப் பின்கதவைத் திறந்து போட்டிருக்கிறார்கள். கோடு எப்போதும் கதவைத்தான் காட்டும், யார் திறந்தார்கள் என்று நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்தப் பழக்கத்தில் நேற்று மாதிரித் தாளைக் கத்தரித்து நாலு வாரத்தையும் ஜன்னலில் ஒட்டினேன். கோடு ஏறினால் உடம்பு பதறுகிறது, இறங்கினால் நிம்மதியாக இருக்கிறது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறதே, அதை வைத்துப் பார்த்தேன். தூங்குகிற நேரத்தில் இறங்க வேண்டிய கோடு இறங்கவே இல்லை. விடிந்தபின் ஒரு சின்ன ஏற்றம் வர வேண்டும், அதுவும் இல்லை. எங்கள் மெஷினில் இப்படி ஒரே மட்டமாகப் போனால் ரெண்டு காரணம்தான். பேனா சிக்கியிருக்கும், இல்லை அந்த அறையே கெட்டிருக்கும். பேனா சிக்கவில்லை. ஏனென்றால் வாரத்தில் ரெண்டு இடத்தில் நன்றாக அசைகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மேடு. புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பள்ளம்.

மேடு பத்தரைக்கு உச்சத்தில் நிற்கிறது. ஆனால் ஏற ஆரம்பிப்பது பத்து மணிக்கே. மூன்றாவது வாரம் மட்டும் மாறியிருக்கிறது. பத்து மணிக்கு ஏறிய கோடு இறங்காமல் அப்படியே நின்று, பன்னிரண்டே காலுக்குத்தான் உச்சம். தேதி மே 19. என் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் "குழாய்" என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்குச் சமையலறைக் குழாய் பீறிட்டுக்கொண்டது. குழாய்க்காரர் வந்து போகும்வரை நான் போனைத் தொடவில்லை. பேத்தியைக் கூப்பிட்டது பன்னிரண்டே காலுக்கு.

இது நம் பேத்தியின் கோடு. அடுத்தவருடையதை வெளியே காட்டக் கூடாது என்று அவர்களுக்கு விதி. அதனால் தன்னுடையதையே வெட்டி வைத்திருக்கிறாள். கிழவிகளுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறக்கிறவள் நான்.

நான் என்ன பேசுகிறேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். எப்போது முடியும், புரொபசர் என்ன சொன்னார், கூடப் படித்தவள் முடித்துவிட்டாளாமே, மருந்துக்கடைக்காரர் கேட்டார், கீழ்வீட்டு டீச்சர் கேட்டார், நீதான் எங்கள் பெருமை. பத்து நிமிஷம் இதுதான். பெருமையைப் பெருமை என்று சொல்வதில் தப்பு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை, கல்யாணத்துக்கு எத்தனை நாற்காலி என்பதைத் தவிர. புதன்கிழமை நீங்கள் அவளிடம் என்ன பேசுகிறீர்கள்? என்ன பேசினால் அந்தக் கோடு அவ்வளவு கீழே இறங்குகிறது? மறைக்காமல் எழுதுங்கள்.

சம்பந்தி

*

ஜூன் 17, திங்கட்கிழமை

சம்பந்தி அம்மா,

பதில் இன்னும் வரவில்லை. தபால்காரர் ரெண்டு தடவை என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

நேற்று பத்தரைக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் அவள் நிம்மதியாக இருப்பாள் என்று கணக்கு. பதினொன்றே காலுக்கு அவளே கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா பாட்டி, விழுந்துவிட்டாயா என்று மூச்சு வாங்கக் கேட்டாள். போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆக, கூப்பிட்டாலும் மேடு, கூப்பிடாவிட்டாலும் மேடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு உங்கள் பதில் வேண்டும்.

சம்பந்தி

*

ஜூன் 18, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் பதின்மூன்றாம் தேதிக் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். பிழைகளை எண்ணவில்லை.

எனக்குக் காது கேட்காது. மூன்று வருஷமாகிறது. முதலில் வலது, பிறகு இடது. லைன் கோளாறு என்பதெல்லாம் பொய். தைலம் கேட்டீர்கள் என்பது உங்கள் கடிதத்தைப் படித்தபின்தான் எனக்குத் தெரியும். என் மகனுக்கும், அதாவது உங்கள் மாப்பிள்ளைக்கும், தெரியாது. தெரிந்தால் இந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று மறைத்தேன். எதிரில் நிற்பவர்களின் வாயைப் பார்த்துச் சமாளிப்பேன். போனில் வாய் இல்லை. நூலகத்தில் முப்பது வருஷம், சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது மொத்த ஊரும் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டது.

புதன்கிழமை ஏழு மணிக்குப் போனில் வெளிச்சம் வரும். எடுத்துக் காதில் வைப்பேன். பக்கத்து அறையில் மின்விசிறி ஓடுவது போல ஓர் இரைச்சல் மட்டும் வரும். அது ஓடுகிறவரை நடுநடுவே "ம்" என்பேன். நின்றால் "அப்புறம்?" என்பேன். ரொம்ப நேரம் நின்றால், "சரிடா வாண்டு, சாப்பிட்டுத் தூங்கு" என்று சொல்லி வைத்துவிடுவேன். இத்தனை நாள் இது போதுமானதாக இருந்தது.

என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டீர்கள். நான் ஒன்றும் பேசவில்லை. அவள் என்ன பேசினாள் என்பதும் எனக்குத் தெரியாது.

நானும் தாளை ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். புதன்கிழமை கோடு நீங்கள் சொன்ன மாதிரியேதான் இறங்குகிறது. மூன்று வருஷமாக ஒரு பிள்ளை என் காதில் கொட்டியதையெல்லாம் நான் தரையில் விட்டிருக்கிறேன். என்மேல் நீங்கள் பொறாமைப்பட ஒன்றும் இல்லை.

உங்கள் காது நன்றாக இருக்கிறது. அவள் சொல்வதற்கு ஒரு நாள் இடம் கொடுங்கள். நடுவில் "ம்" மட்டும் போதும், என் அனுபவத்தில் சொல்கிறேன். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள். எழுத வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள்.

காது மெஷின் வாங்க நாளை போகிறேன். மகனிடமும் சொல்லிவிடுவேன்.

சம்பந்தி

*

ஜூன் 24, திங்கட்கிழமை

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நாற்பது வருஷம் மெஷின் இரைச்சலில் நின்ற எனக்கு எதிர்வீட்டில் கரண்டி விழுந்தாலும் கேட்கிறது. ஊசி விழுந்தால் கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருந்த உங்களுக்குக் காது போய்விட்டது. நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணியிலிருந்து அவள் காத்திருக்கக் கூடாது என்று எட்டே முக்காலுக்கே கூப்பிட்டேன். அதற்கு முன்னால் பல்வலிக்கு வாங்கி வைத்திருந்த கிராம்பில் ஒன்றை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டேன். இல்லாவிட்டால் என் வாய் சும்மா இருக்காது, உங்களுக்கே தெரியும்.

என்ன பாட்டி இவ்வளவு சீக்கிரம் என்றாள். சும்மாதான் என்றேன். அதோடு நிறுத்தினேன். எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் அவ்வளவு சத்தமாக ஓடும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

"பாட்டி, லைன்ல இருக்கியா?"

"ம்."

"எப்ப முடிப்பேன்னு கேக்கலியா?"

கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினேன். "இல்ல" என்றேன்.

அதற்கப்புறம் நாலு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பேசினாள்.

பட்டம் இந்த வருஷம் இல்லையாம். அடுத்த வருஷமும் சந்தேகம்தானாம். ஏப்ரலிலிருந்து டாக்டரைப் பார்க்கிறாள், மாத்திரை சாப்பிடுகிறாள். ஆராய்ச்சி வேலைக்கு வாரத்தில் மூன்று நாள்தான் போகிறாள். மற்ற நாளில் கட்டிலிலிருந்து எழுந்து பல் தேய்ப்பதே பெரிய வேலையாக இருக்கிறதாம். அவள் மேஜைக்கு வருகிற மற்றவர்களின் கோடுகளையெல்லாம் பார்க்கப் பார்க்க, இதில் நோயாளிகள் கோடு எனக்கு ரொம்பப் பழகியதாக இருக்கிறதே என்று தோன்றியதாம். ஒரு பட்டையை எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டாளாம். அம்மா அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் சொல்லும்வரை நீங்களும் உங்கள் மகனிடம் வாயைத் திறக்க வேண்டாம்.

நான் "ம்" என்றேன். பதினேழு தடவை சொல்லியிருப்பேன். கிராம்பு கரைந்து வாயெல்லாம் எரிந்தது.

ஒரே ஒரு கேள்வி மட்டும் வாயிலிருந்து வந்துவிட்டது, அதுவும் பொறாமையில். இதையெல்லாம் அந்தப் பாட்டியிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

"புதன்கிழமை புதன்கிழமை சொல்லுவேன். அவங்களுக்குக் காது கேக்காது பாட்டி. அதான் சொன்னேன்."

ஆமாம் சம்பந்தி அம்மா, அவளுக்குத் தெரியும். ரெண்டு வருஷமாகத் தெரியும். ஒரு தடவை சந்தேகப்பட்டு, பாட்டி என் அறை தீப்பிடித்து எரிகிறது என்று சொல்லிப் பார்த்தாளாம். நீங்கள், "சரிடா வாண்டு, சாப்பிட்டுத் தூங்கு" என்றீர்களாம். இதைச் சொல்லும்போது சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு எத்தனை மாசம் ஆகிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே நீங்கள் எதையும் தரையில் விடவில்லை. யாருக்கும் கேட்காத இடமாகப் பார்த்து அவள்தான் வைத்திருக்கிறாள். காது மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள், என் முழங்காலுக்குத் தைலம் சொல்லவாவது உதவும். ஆனால் புதன்கிழமை ஏழு மணிக்கு அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுங்கள். அந்த அரை மணி அவளுக்கு அப்படியே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் உங்கள் புத்தகத்தில் எங்காவது குறித்து வையுங்கள். கேட்கிற காதில் அவள் முதலில் சொன்னது என்னிடம்தான்.

இன்று காலையில் மருந்துக்கடைக்காரர், டாக்டரம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டார். எந்த டாக்டரம்மா என்றேன். உங்கள் பேத்திதான் என்றார். "அவளா, தூங்கறா" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துக்கொள்ளட்டும்.

குறிப்பேட்டில் நேற்றைய கட்டத்தில் "பேத்தியோடு பேசினேன்" என்று எழுதிவிட்டேன். பிறகு அடித்துவிட்டு, "பேத்தி பேசினாள்" என்று எழுதினேன். அவள் கோடு அந்த நேரத்தில் எப்படிப் போனது என்று தாளை அனுப்பச் சொல்லிக் கேட்கலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

நேற்று என் கையிலும் பட்டை இருந்தது. எட்டே முக்காலிலிருந்து ஒன்பதரை வரை அதில் பெரிய மேடு விழுந்திருக்கும், திடமான ஆள் என்ற பேர் போயிற்று. அந்தத் தாள் நேராக அவள் மேஜைக்குத்தான் போகும். கதவைத் திறந்தது யார் என்று அவள் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

உங்கள் சம்பந்தி